முன்படங்களைப் பார்ப்பது ஃபர்ளா?



2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கோடை விடுமுறை விட்டிருந்த சமயம். முதுகுளத்தூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் மஃரிபுக்குப் பிந்தைய பாடம் முடிந்து, இஷாவின் பாங்குக்காகப் பிள்ளைகள் காத்திருந்தனர். ஹவுளின் ஓரத்தில் மாணவர் இருவர் காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒருவன் கையில் குறிப்பேடு. "வந்த வரிசையிலதான் போகணும்" என்றான் ஒருவன். "இல்லடா, நடந்த வரிசையிலதான் போகணும்" என்றான் மற்றவன்.

நாம் ஒரு கணம் மகிழ்ந்துபோனோம். திருக்குர்ஆன் இறங்கிய வரிசை வேறு, முஸ்ஹஃபில் அமைந்த வரிசை வேறு என்பதை அந்த வாரம்தான் பாடமாக நடத்தியிருந்தோம். முதலில் இறங்கியவை அலக் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள். முஸ்ஹஃபிலோ அது 96ஆவது அத்தியாயம். பிள்ளைகள் அதைத்தான் அலசுகிறார்கள் என்று எண்ணி அருகில் சென்றோம். குறிப்பேட்டில் இருந்தவை 22 ஆங்கிலப் படங்களின் பெயர்கள். அவற்றில் பதினேழுக்கு நேரே டிக் போடப்பட்டிருந்தது.

ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்ற படம் வெளியாகவிருந்தது. அது மார்வெல் நிறுவனத்தின் தொடரில் 22ஆவது படம். முதல் படமான 'அயர்ன் மேன்' 2008இல் வந்தது. தனித்தனிப் படங்களில் வந்த நாயகர்கள் அனைவரும் ஒன்றுசேரும் கூட்டுப்படம் என்பதால், முந்தைய 21 படங்களையும் பார்த்துவிட்டே போக வேண்டும் என்பது பிள்ளைகளின் முடிவு. 'கேப்டன் மார்வெல்' படம் வந்தது 2019இல். அதன் கதை நடப்பதோ 1995இல். ஆகவே அதை இரண்டாவதாகப் பார்ப்பதா, இருபத்தொன்றாவதாகப் பார்ப்பதா என்பதே அவர்களுடைய வழக்கு.

"இன்னும் நாலு பாக்கி இருக்கு ஹஜ்ரத். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும்" என்றான் குறிப்பேட்டுக்காரன்.

"முடிக்காவிட்டால்?"

"முடிக்காமப் போனா ஒண்ணும் புரியாது. போறதே வீண்."

"முடிச்சாகணும்" என்ற அந்தச் சொல்தான் நம்மை உறுத்தியது. தவறிப்போன தொழுகையைக் களாச் செய்ய வேண்டும் என்று நாம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். அதற்கு இத்தனை அவசரம் காட்டிய பிள்ளையை நாம் கண்டதில்லை. தவறிப்போன படங்களுக்கோ ஒருவரும் சொல்லாமலேயே களா நடக்கிறது. அது பராஅத் இரவு கழிந்து சில நாட்களே ஆகியிருந்த ஷஅபான் மாதம். மே 7 முதல் நோன்பு. ரமளானுக்கு ஆயத்தமாக வேண்டிய நாட்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் வேறொன்றுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தனர்.

அன்று எழுந்த கேள்வியை இன்று எழுதக் காரணம் உண்டு. இந்தத் தொடரின் அடுத்த பெரிய கூட்டுப்படமான 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 22 ஆக இருந்த பட்டியல் 2025 முடிவில் 37 ஆகிவிட்டது. தொலைக்காட்சித் தொடர்கள் தனி. நம் வீடுகளில் மீண்டும் குறிப்பேடுகள் திறக்கப்படும்.

முதலில் நம் நிலையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். திரைப்படத்தை விட்டு விலகியிருப்பதே ஈமானுக்கும் நேரத்துக்கும் பாதுகாப்பு என்பது நம் கருத்து. அதை ஏற்று நடக்கும் குடும்பங்களுக்கு இக்கட்டுரையால் புதிதாக ஒரு வேலையும் இல்லை. ஆனால், நம் மஹல்லாவின் பெரும்பாலான வீடுகளில் படம் பார்க்கப்படுகிறது என்பதை அறியாதவர் போல் நடிப்பது பொய்யாகும். அந்த வீடுகளுக்குச் சொல்ல நமக்கு ஒன்று உண்டு. ஒரு படத்தைப் பார்க்க முடிவு செய்துவிட்டீர்களா? அந்த ஒன்றோடு நில்லுங்கள். அதற்காக முந்தைய படங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. அது கதையின் தேவையும் அன்று, கடைக்காரரின் தேவை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு படம் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குக் குறைவில்லை. 22 படங்களுக்கு 44 மணி நேரம். 'எண்ட்கேம்' மட்டுமே மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. நம் மதரஸாவில் ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் ஓதுகிறது. 44 மணி நேரம் என்பது ஏழு வாரங்களுக்கு மேற்பட்ட பாடம். ஒரு ஜுஸ்உவை நிதானமாக ஒரு மணி நேரத்தில் ஓதக்கூடிய பிள்ளை, 30 மணி நேரத்தில் குர்ஆனை ஒரு முறை முடித்துவிடும். இன்னும் 14 மணி நேரம் கையில் மிஞ்சும். "எனக்கு நேரமே இல்ல ஹஜ்ரத்" என்று ஹிஃப்ளு வகுப்பை விட்டுப் போன பிள்ளைக்கு இந்த 44 மணி நேரம் எங்கிருந்து கிடைத்தது? மறுமையில் வாழ்நாளை எதில் கழித்தாய் என்று கேட்கப்படாமல் அடியானின் பாதங்கள் நகரமாட்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்திருப்பது திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு, 'பின்னால் வரப்போகும் ஒரு படம் புரிவதற்காக' என்று பதில் சொல்வது எவ்வளவு அற்பமானது!

இந்தக் கட்டாயத்தை விதித்தவர் யார்? 2009இல் டிஸ்னி நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை வாங்க ஒப்புக்கொண்டது. ஒரு படம் எடுத்து ஒரு படத்தை விற்பது பழைய வியாபாரம். ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டே இருபது பழைய படங்களை மீண்டும் விற்பது புதிய வியாபாரம். பழைய படங்கள் இருப்பது மாதக் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ கேட்கும் செயலிகளில். "முந்தையதைப் பார்க்காமல் வராதே" என்று பிள்ளையின் காதில் ஓதப்படும்போது, "சந்தா கட்டு" என்று அத்தாவின் பையைப் பார்த்தும் அது பேசுகிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகும் ஒரு சின்னக் காட்சி வரும். அது அடுத்த படத்துக்குத் தூண்டில். அதற்காகக் கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறான் பிள்ளை. அதே பிள்ளை, தொழுகையில் இமாம் சலாம் கொடுத்ததும் தஸ்பீஹுக்கும் துஆவுக்கும் காத்திராமல் செருப்பைத் தேடி ஓடுகிறான். பொறுமை அவனிடம் இல்லாமல் இல்லை. அந்தப் பொறுமையை வேறொருவர் அறுவடை செய்துகொண்டு போகிறார்.

இது ஆங்கிலப் படத்தோடு நின்றுவிடவில்லை. 2022 ஜூன் 3இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வெளியானது. அதற்கு முந்தைய நாள், 2019 தீபாவளிக்கு வந்த தம்முடைய 'கைதி' படத்தை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு வருமாறு இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். வேண்டுகோளாகத்தான் கேட்டார். நம் ஊர் இளைஞர்களிடம் வந்து சேரும்போது அது விதியாகிவிட்டது. 1986இல் வந்த பழைய 'விக்ரம்' படத்தையும் பார்க்க வேண்டும் என்று அதன் மேல் இன்னொரு விதியைச் சேர்த்தார்கள் சிலர். வேண்டுகோள் சுன்னத்தாகி, சுன்னத்து ஃபர்ளாகி நிற்கும் வேகத்தைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கிறது. தஹஜ்ஜுத் தொழுகையை யாரும் இப்படி உயர்த்திப் பிடித்து நாம் பார்த்ததில்லை.

இனி, எதிர்த் தரப்பின் வாதங்களை நேர்மையாக எடுத்து வைக்கிறோம்.

முதல் வாதம்: "முந்தையதைப் பார்க்காவிட்டால் புரியாது." இதில் ஓரளவு உண்மை உண்டு. 'எண்ட்கேம்' கதையில் நாயகர்கள் காலத்தில் பின்னோக்கிச் சென்று, 2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் படத்தின் நியூயார்க் நிகழ்ச்சிக்குள்ளேயே நுழைகிறார்கள். அந்தப் பழைய படத்தைப் பார்த்தவனுக்கு அந்த இடத்தில் ஒரு கூடுதல் சுவை கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தச் சுவை எத்தகையது? 'இவரை எனக்கு முன்பே தெரியும்' என்ற சுவை. திரையரங்கில் ஒரு முகம் தோன்றியதும் எழும் கைதட்டலில் பாதி, கதைக்கான கைதட்டல் அன்று. 'எனக்குத் தெரியும்' என்று பக்கத்து இருக்கைக்காரனுக்கு அறிவிக்கும் கைதட்டல். உலகின் பாதி உயிர்களை ஒருவன் அழித்துவிட்டான். மிஞ்சியவர்கள் அவர்களை மீட்கப் போராடுகிறார்கள். 'எண்ட்கேம்' படத்தின் கதை இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள 44 மணி நேரம் வேண்டாம். இந்த ஒரு வரி போதும்.

புரிதல் என்பது எப்படி வரும் என்பதற்கு நம்மிடமே வழிகாட்டல் உண்டு. அல்லாஹ்வின் வேதத்தை மனிதர் புனையும் கதையோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது நம் நோக்கமன்று. மனித உள்ளத்தைப் படைத்தவன் அந்த உள்ளத்தோடு எப்படிப் பேசினான் என்பதையே நினைவூட்டுகிறோம். யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு 12ஆவது அத்தியாயத்தில் கிணற்றிலிருந்து அரண்மனைவரை ஒரே இடத்தில் முழுமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறோ பல அத்தியாயங்களில் பரந்து கிடக்கிறது. ஓரிடத்தில் ஆற்றில் விடப்பட்ட குழந்தை, ஓரிடத்தில் மத்யனின் நீர்நிலை, ஓரிடத்தில் சூனியக்காரர்களின் போட்டி, ஓரிடத்தில் பிளந்த கடல். எந்த இடத்தில் ஓதினாலும் அந்த இடத்துக்குரிய படிப்பினை குறைவின்றிக் கிடைக்கிறது. தாஹா அத்தியாயத்தை ஓதுவதற்கு முன் கஸஸ் அத்தியாயத்தை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முந்தைய நபிமார்கள் அனைவரையும் நம்புவது நமக்குக் கடமை. ஆயினும், கலிமாச் சொல்ல வருபவரிடம் 'முதலில் தவ்ராத்தையும் இன்ஜீலையும் முடித்துவிட்டு வா' என்று நாம் சொல்வதில்லை. சத்திய மார்க்கமே தன் வாசலில் வைக்காத நிபந்தனையை ஒரு பொழுதுபோக்கு வைக்கிறது, நாமும் தலையாட்டுகிறோம்.

இரண்டாம் வாதம்: "கதையைத் தொடர்ச்சியாகக் கேட்பது நம் மரபிலும் இருந்ததுதானே?" இருந்தது. நம் மாவட்டத்துக் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் பாடத் தொடங்கிய சீறாப்புராணம் 5,027 பாடல்கள் கொண்டது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுமையும் அதில் முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடினார். தொடர்ச்சி என்றால் அதுதான் தொடர்ச்சி. ஆனால், சின்னச் சீறாவைக் கேட்க வந்தவரிடம் 5,027 பாடல்களையும் ஒப்பித்துவிட்டு உள்ளே வா என்று யாரும் வாசலில் நிற்கவில்லை. ஒரு படலத்தை எடுத்து ஓதி, அதற்கு முன் நடந்ததைச் சொல்லித் தருவது ஓதுபவரின் பொறுப்பாக இருந்தது.

சூப்பர் ஹீரோ என்கிறார்களே, அதுவும் நமக்குப் புதிதன்று. 'சக்கூன் படைப்போர்', 'ஐந்து படைப்போர்' என்று போர்க்கதை நூல்கள் தமிழ் முஸ்லிம்களிடம் இருந்தன. அலி (ரலி) அவர்களின் வீரம் அவற்றில் கற்பனை கலந்து பாடப்பட்டது. வரலாறாக ஏற்கத்தக்கவை அல்ல என்று நாம் மாணவர்களிடம் சொல்வது உண்டு. அது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு போரும் தன் காலில் நின்றது. கதை சொல்பவன் தன் சுமையைக் கேட்பவன் தலையில் ஏற்றவில்லை.

மூன்றாம் வாதம்: "பார்க்காவிட்டால் வகுப்பில் பிள்ளை தனித்துப்போய்விடுவான்." பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், நம்மிடம் மிகுதியாகச் சொல்வது இதுவே. இதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தனித்துப்போவது ஒரு பிள்ளைக்குப் பெரிய வலி. ஆனால், இந்தத் தொடர்ப்படங்கள் செய்துகொண்டிருப்பது என்ன? பார்த்தவன், பார்க்காதவன் என்று பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கின்றன. தகுதி உள்ளவர், இல்லாதவர் என்ற கோட்டைக் குடும்பத்துக்குள்ளேயே கிழிக்கின்றன. நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சவூதியில் ஓட்டுநர். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூன் தொடக்கத்தில் விடுப்பில் வந்தார். பதினைந்து வயது மகனை மகிழ்விக்க எண்ணி, 'விக்ரம்' படத்துக்குப் பரமக்குடிக்கு அழைத்துப் போகிறேன் என்றார். "நீங்க கைதி பாக்கலல்ல அத்தா. உங்களுக்கு ஒண்ணும் புரியாது. நான் பசங்களோட போய்க்கிறேன்" என்றானாம் மகன். பையன் மரியாதை கெட்டவன் அல்லன், நம்மிடம் ஓதியவன். உண்மை என்று தான் நம்பியதைச் சொன்னான், அவ்வளவே. 2019இல் 'கைதி' வந்தபோது அவனுடைய அத்தா ரியாத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவனுடைய பள்ளிக் கட்டணத்துக்காகத்தான். அந்த மனிதர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

போதைப்பொருளும் துப்பாக்கியும் நிறைந்த அந்தப் படத்துக்கு இருவருமே போகாமல் இருப்பதே நல்லது என்று நாம் சொன்னோம். கூடவே இன்னொன்றும் சொன்னோம்: "உங்களுக்குத் தெரியாது என்கிறான் அல்லவா, அவனையே சொல்லச் சொல்லுங்கள்." அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மொட்டைமாடியில் மகன் 'கைதி' கதையைச் சொன்னான். பத்தாண்டு சிறையிலிருந்து வெளிவந்த ஒருவன், தான் அதுவரை பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் புறப்படுகிறான். ஓர் இரவு முழுதும் தடைகள். அதுதான் அந்தக் கதை. இரண்டு ஆண்டுகள் மகனைப் பார்க்காத தகப்பனிடம் மகன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அந்தச் சகோதரர் சொன்னார்: "படத்துக்குப் போனமா இல்லையான்னு மட்டும் கேக்காதீங்க ஹஜ்ரத். எம்மவன் எங்கிட்ட இத்தன நேரம் பேசுனதே இல்ல."

நாமும் கேட்கவில்லை. ஆனால், நம் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பையன் அரை மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடியதை, இரண்டரை மணி நேரம் பார்த்தே ஆக வேண்டும் என்பது கட்டாயம் அல்லவே. பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொன்னால் போதும். ஒரு வீட்டில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது உறவை வளர்க்கும். 'நீயும் போய்ப் பார்த்துவிட்டு வா' என்பது உறவை அறுக்கும்.

நான்காவது வாதம் அண்மையில் நம் வீடுகளில் கேட்பது: "இப்போது முஸ்லிம் பிள்ளைகளும் அந்தப் படங்களில் நாயகர்களாக வருகிறார்களே?" வருகிறார்கள். கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளி அமெரிக்கச் சிறுமியை நாயகியாக்கி 2022இல் 'மிஸ் மார்வெல்' என்ற தொடர் வந்தது. 2023 நவம்பரில் 'தி மார்வெல்ஸ்' என்ற கூட்டுப்படத்தில் அவளைச் சேர்த்தார்கள். அந்த ஒரு படத்தை முழுமையாகப் பின்தொடர 2019ஆம் ஆண்டுப் படம் ஒன்றையும், இரண்டு தொடர்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற நிலை. விளைவு என்ன? மார்வெலின் அந்தத் தொடர்வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல் அந்தப் படத்துக்குத்தான். அளவுக்கு மீறி எடுத்துத் தள்ளியதில் கவனம் சிதறிவிட்டது என்று டிஸ்னியின் தலைமைச் செயல் அதிகாரி பாப் ஐகரே 2023இல் ஒப்புக்கொண்டார். விற்றவர்களே சுமை கூடிவிட்டது என்று உணர்ந்த பிறகும், வாங்கிய நாம் மட்டும் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டுமா? தன் பிள்ளை தன்னைப் போன்ற ஒரு முகத்தைத் திரையில் காண விரும்புவதில் உள்ள ஏக்கம் நமக்குப் புரிகிறது. அந்த ஏக்கத்தையும் ஒரு தூண்டிலாக்கி, அதன் முனையில் பட்டியலைத் தொங்கவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

எதிர்த் தரப்பைப் பேசியாயிற்று. இனி நம் தரப்பையும் கேட்க வேண்டும். ஆலிம்களாகிய நாமும் மதரஸா நடத்துவோரும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர்.

அன்று அந்தக் குறிப்பேட்டைக் கண்டதும் நாம் முதலில் செய்தது, அதைப் பறித்து வைத்துக்கொண்டதுதான். பிறகு, இரவு தனியே அதைப் புரட்டியபோது வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு பெயர்கள், ஆண்டு வாரியாக, பிழையின்றி. எந்தப் பாத்திரம் எந்தப் படத்தில் முதலில் வந்தது, எங்கே மனம் மாறியது என்று பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். அந்தப் பையனிடம் பத்ரு எப்போது, உஹது எப்போது, அகழ்ப்போர் எப்போது, ஹுதைபியா எப்போது என்று கேட்டிருந்தால் தடுமாறியிருப்பான். குறை அவனுடைய நினைவாற்றலில் இல்லை. நாம் அவனுக்கு அவற்றைத் தொடர்ச்சியாகச் சொன்னதே இல்லை.

ரபீஉல் அவ்வல் வந்தால் பிறப்பு, பின்னர் ஒரு நாள் ஹிஜ்ரத், ரமளான் 17 வந்தால் பத்ரு. ஒவ்வோர் ஆண்டும் அதே துண்டுகள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று பிள்ளை கேட்க இடமே வைப்பதில்லை. காலித் பின் வலீத் (ரலி) அவர்களை 'அல்லாஹ்வின் வாள்' என்று மனப்பாடம் செய்விக்கிறோம். ஹிஜ்ரி 8இல் மூத்தாப் போரில் தளபதிகள் மூவர் அடுத்தடுத்து ஷஹீதானபின் அவர்தான் படையைக் காத்து மீட்டார். இதை உருக்கமாகச் சொல்லிப் பாருங்கள். 'இவர் இதற்கு முன் எங்கே இருந்தார் ஹஜ்ரத்?' என்று பிள்ளை தானே கேட்கும். ஹிஜ்ரி 3இல் உஹதுக் களத்தில் முஸ்லிம்களின் பின்புறமாக வந்து தாக்கிய குதிரைப்படையின் தலைவரும் இவரே என்று சொன்னால், அந்த முகம் எப்படி விரியும் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை உஹதைத் தானே தேடிப் போகும். அதை நாம் விதிக்க வேண்டியதில்லை.

நாம் சொல்ல வந்ததன் சாரம் இங்கேதான் இருக்கிறது. முந்தையதை அறியும் ஆசை தவறன்று. அது அல்லாஹ் மனிதனுக்குள் வைத்த நல்ல இயல்பு. நல்ல கதை, கேட்டு முடித்த பிறகு 'இதற்கு முன் என்ன?' என்று நம்மைத் தேட வைக்கும். வியாபாரம், கதையைக் கேட்பதற்கு முன்பே 'இத்தனையை முடித்துவிட்டு வா' என்று வாசலில் நிறுத்தும். முதலாவது தாகம். இரண்டாவது வரி. இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், எத்தனை படங்கள் வந்தாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே, பெற்றோர்களே, பட்டியலோடு பிள்ளை வந்து நின்றால் அதைக் கிழிக்காதீர்கள்; நாம் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். உட்கார வைத்து மணிக்கணக்கை அவன் கையாலேயே கூட்டச் சொல்லுங்கள். கூட்டிய எண்ணை அவனே பார்க்கட்டும். விட்டுவிடும் மனம் வந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஒன்றைப் பார்த்தே தீருவேன் என்றால், அந்த ஒன்றோடு சரி. முன்கதையைத் தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லட்டும். தோர் என்பது வடஐரோப்பியர் இடியின் தெய்வமாக வணங்கிய ஒன்றின் பெயர் என்பதையும், அந்தப் பெயரில் வரும் பாத்திரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தப் பத்து நிமிடத்திலேயே நீங்களும் சொல்லிவிடலாம். தனியறையில் 21 படங்கள் ஓடும்போது அகீதாவைப் பேச உங்களுக்கு இடமே கிடைக்காது. படம் பார்த்து ஒரு வாரம் கழிந்த பின்னும் பழையதைத் தேடும் ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இராது. ஷஅபானிலும் ரமளானிலும் இந்தப் பேச்சே வேண்டாம்.

மதரஸா நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சீறாவைத் துண்டு துண்டாகச் சொல்வதை நிறுத்துவோம். நாம் நம் வகுப்பில் மக்காவிலிருந்து தபூக்வரை வரிசையாக ஒரு சுவர் அட்டவணையைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் சொல்லியிருக்கிறோம். யார் எந்த இடத்தில் முதலில் வருகிறார், எங்கே மனம் மாறுகிறார் என்று பக்கத்தில் குறிப்பு எழுதும் வேலையை, அன்று குறிப்பேடு வைத்திருந்த மாணவனின் தம்பியிடம் கொடுத்திருக்கிறோம். அண்ணனின் கையெழுத்தைப் போலவே பொடி எழுத்து. இப்போது ஹுதைபியாவில் நிற்கிறான். சுஹைல் பின் அம்ரு (ரலி) அவர்கள் உடன்படிக்கை எழுதும்போது எதிர்த் தரப்பில் இருந்தாரே, பிறகு என்ன ஆனார் என்று நேற்றுக் கேட்டான். மக்கா வெற்றிவரை பொறுத்திரு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

அல்லாஹ் நம் நேரங்களிலும் நம் மக்களிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.